ஒரே வினாநிரல், ஒரே அளவுகோலா?



சில கிழமைகளுக்கு முன்பு ஒரு மாலை வேளையில் ஓர் அன்னையார் என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு வேலைக்குச் செல்பவர். அவருடைய மகன் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர வேண்டியவன். கைப்பேசியில் யாரோ அனுப்பியிருந்த ஒரு பட்டை வரைபடத்தைக் காட்டினார். தேசியப்பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி என மூன்று பட்டைகள். தலைப்பு 'மாணவர் தன்னம்பிக்கை'. தமிழ்ப்பள்ளியின் பட்டை மட்டும் குள்ளமாக நின்றது.

"ஐயா, நம்ம பிள்ளைங்களுக்குத் தன்னம்பிக்கை கம்மின்னு போட்டிருக்காங்களே. மகனைத் தமிழ்ப்பள்ளியில போடுறது சரிதானா?" என்று கேட்டார்.

அந்த வரைபடம் எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்ற குறிப்பு எதுவும் அதில் இல்லை. அதைக் காரணம் காட்டி அவரை அனுப்பிவிடலாம். ஆனால் அது நேர்மையான மறுமொழி ஆகாது. யார் செய்திருந்தாலும் அந்த மூன்று பட்டைகளை அருகருகே நிறுத்துவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. அந்தக் கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் என் குற்றம்

பிறரைக் குறை சொல்லும் முன் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நன்னெறிப் பண்புகளைப் பற்றிய ஒரு மலாய் வினாநிரலை ஒரே இரவில் நானே தமிழாக்கினேன். அதை எங்கள் மாணவர்களுக்குக் கொடுத்தேன். தேசியப்பள்ளியில் பணியாற்றிய நண்பர் மலாய் மூலத்தைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தார். 'பெரியோரை மதித்தல்' என்னும் பகுதியில் நம் பிள்ளைகளின் சராசரி உயர்ந்திருந்தது. அதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பட்டை வரைபடமாகத் திரையில் காட்டினேன். மண்டபம் கைதட்டியது. நானும் மகிழ்ந்தேன்.

அந்த அன்னையாரின் கைப்பேசிப் படம் என்னைச் சுட்டதற்கு இதுவே காரணம். அன்று எங்களுக்குப் பெருமை தந்த படமும் இன்று அவருக்குக் கவலை தந்த படமும் ஒரே முறையில் செய்யப்பட்டவை. இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை.

காரணிப் பகுப்பாய்வு

தன்னம்பிக்கையை எவரும் கண்ணால் பார்த்ததில்லை. உயரத்தை அளப்பதுபோல் நாடா பிடித்து அளக்க இயலாது. ஆகவே ஐந்து அல்லது பத்து வாக்கியங்களை எழுதி, 'மிகவும் உடன்படுகிறேன்' முதல் 'சிறிதும் உடன்படவில்லை' வரை குறியிடச் சொல்கிறோம். ஒரு வாக்கியத்திற்கு உயர்வாகக் குறியிடும் பிள்ளைகள் மற்ற வாக்கியங்களுக்கும் உயர்வாகவே குறியிட்டால், அவற்றின் பின்னால் பொதுவான ஏதோ ஒன்று இருக்கிறது என்று கொள்கிறோம். அந்த மறைபொருளுக்குக் காரணி என்று பெயர். ஒவ்வொரு வாக்கியமும் அக்காரணியோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்துள்ளது என்பதைக் காட்டும் எண், காரணிச் சுமை. விடைகளுக்கிடையே உள்ள உறவுகளைக் கொண்டு காரணிகளையும் சுமைகளையும் கண்டறியும் கணக்கே காரணிப் பகுப்பாய்வு.

இது பள்ளிக்கூடத்தில் பிறந்த கணக்கு என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. இங்கிலாந்தின் சார்லஸ் ஸ்பியர்மன் 1904ஆம் ஆண்டில் பள்ளி மாணவர்களின் பாட அடைவுகளை ஆராய்ந்தார். ஒரு பாடத்தில் சிறந்தவர் பிற பாடங்களிலும் சிறந்திருக்கக் கண்டு, எல்லாவற்றிற்கும் அடியில் ஒரு பொதுத்திறன் உண்டு என்றார். அமெரிக்காவின் தர்ஸ்டன் 1938இல் அதை மறுத்து, ஒன்றன்று, ஏழு அடிப்படைத் திறன்கள் உண்டு என்று கண்டார். இருவரும் அறிஞர்களே. எந்தப் பிள்ளைகளிடம் எந்த வினாக்களைக் கேட்கிறோம், கணக்கை எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்துக் காரணிகளின் எண்ணிக்கையே மாறக்கூடும் என்பதை இவ்வழக்கு நமக்குக் காட்டுகிறது.

அப்படியானால் ஒரு குழுவில் கண்ட காரணி இன்னொரு குழுவிலும் அதே காரணியாக இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? இதுதான் அந்தக் கேள்வி.

மீன்கடைத் தராசு

இதைப் பெற்றோருக்கு விளக்க நான் காலைச் சந்தையை நாடுவதுண்டு. இரண்டு மீன் கடைகள். இரண்டிலும் முள் தராசு. முதற்கடை மீனையும் இரண்டாம் கடை மீனையும் ஒப்பிட வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: இரண்டு தராசும் எடையைத்தான் அளக்கின்றனவா? ஒரு கடைக்காரர் நிறுத்து விற்க, மற்றவர் கூறு கட்டி விற்றால் ஒப்பீட்டிற்கே இடமில்லை. வினாநிரலில் இது காரணிகளின் அமைப்பு. இரு குழுக்களிலும் அதே வாக்கியங்கள் அதே காரணியின்கீழ்த் திரள்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு: அளக்கும் அலகு ஒன்றா? ஒன்று கிலோவிலும் மற்றொன்று இராத்தலிலும் காட்டினால், ஒரே எண் இரு வேறு எடைகளைக் குறிக்கும். வினாநிரலில் இது காரணிச் சுமைகளின் சமன்மை.

மூன்று: மீன் வைக்கும் முன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா? ஒரு தராசின் முள் வெறும் தட்டிலேயே 200 கிராமில் நின்றால் அந்தக் கடை மீனெல்லாம் கனமாகத் தோன்றும். வினாநிரலில் இது வாக்கியங்களின் தொடக்க நிலை. ஒரே அளவு தன்னம்பிக்கை உடைய இரு பிள்ளைகள் இரு குழுக்களில் இருந்தால், அவ்விருவரும் அந்த வாக்கியத்திற்கு ஒரே மாதிரி குறியிடுவார்களா என்பதே இங்குச் சோதிக்கப்படுகிறது.

இவற்றுள் மூன்றாவதுதான் பலரும் அறியாதது. முள் பிழையாக நிற்கும் தராசிலும் அலகு சரியாக இருந்தால், அதே தராசில் நிறுத்த இரண்டு மீன்களின் வேறுபாடு சரியாகவே கிடைக்கும். தவறு நேர்வது ஒரு தராசின் எண்ணை மற்றொரு தராசின் எண்ணோடு வைத்துப் பார்க்கும்போதுதான். அதுபோல, முதல் இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால் ஒவ்வொரு குழுவிற்குள்ளும் தன்னம்பிக்கைக்கும் பிறவற்றுக்கும் உள்ள உறவை ஆராயலாம். அவ்வுறவுகளைக் குழுக்களுக்கிடையே ஒப்பிடவும் செய்யலாம். குழுச் சராசரிகளை ஒப்பிட வேண்டுமானால் மூன்றாவதும் நிறைவேற வேண்டும். அன்னையார் காட்டிய பட்டை வரைபடம் சராசரிகளின் ஒப்பீடு.

இச்சோதனைகளை ஒரே நேரத்தில் பல குழுக்களில் செய்யும் கணக்கு முறையைச் சுவீடனைச் சேர்ந்த யோரஸ்கோக் 1971இல் வகுத்தார். இன்று கட்டணமில்லாத மென்பொருள்களிலேயே அதைச் செய்யலாம். கருவி இல்லை என்ற காரணத்தை இனி எவரும் சொல்ல முடியாது.

வகுப்பறையில் கண்டது

அன்னையார் வந்து சென்ற பின், தன்னம்பிக்கை பற்றிய சில வாக்கியங்களை என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்தேன். குறியிட்ட பிறகு ஒவ்வொருவரையும் அழைத்து, ஏன் அப்படிக் குறியிட்டாய் என்று கேட்டேன். இது பெரிய ஆய்வன்று. ஓர் ஆசிரியன் தன் பிள்ளைகளோடு பேசியது மட்டுமே.

'நான் கணிதத்தில் கெட்டிக்காரி' என்ற வாக்கியத்திற்கு வகுப்பின் முதல் மாணவி நடுவிலே குறியிட்டிருந்தாள். காரணம் கேட்டேன். "அத நான் சொல்லக்கூடாது ஐயா, நீங்கதான் சொல்லணும்" என்றாள். வீட்டில் பாட்டி அப்படிச் சொல்லி வளர்த்திருக்கிறார். தற்பெருமை கூடாது என்று நாமும் வகுப்பில் கற்பிக்கிறோம். கற்றபடி நடந்ததற்காக அவளுக்குத் தன்னம்பிக்கைப் புள்ளி குறைந்தது. மலாய் மூலத்தில் அந்த வாக்கியம் இதே அளவு உறுத்துமா, குறைவாக உறுத்துமா என்பதை மலாய்ப் பிள்ளைகளைக் கேட்டால்தான் தெரியும். கேட்காமல் ஊகிக்க எனக்கு உரிமையில்லை.

இன்னொரு வாக்கியம் 'கணிதம் எனக்குக் கடினம் என்று நான் நினைப்பதில்லை' என்பது. 'மிகவும் உடன்படுகிறேன்' என்று குறியிட்ட ஒரு மாணவன், தனக்குக் கணிதம் மிகக் கடினம் என்றே விளக்கம் சொன்னான். தமிழில் எதிர்மறை வினையின் இறுதியில் ஒட்டி வருகிறது. விரைந்து படிக்கும் பிள்ளை 'கடினம்' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. இத்தகைய எதிர்மறை வாக்கியங்கள் காரணிப் பகுப்பாய்வில் தனிக் காரணியாகப் பிரிந்து நிற்பது உலகெங்கும் அறியப்பட்ட ஒன்று. அந்தக் காரணிக்கு 'அச்சம்' என்றோ 'தாழ்வு மனப்பான்மை' என்றோ பெயர் சூட்டிவிடுகிறோம். உண்மையில் அது வாசிப்புத் தடுமாற்றமாக இருக்கலாம்.

மூன்றாவது வாக்கியம், வகுப்பிலுள்ள மற்றவர்களைவிடத் தனக்குக் கணிதம் கடினமா என்று கேட்பது. நம் நாட்டில் 150 மாணவருக்கும் குறைவான பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்கிறோம். தமிழ்ப்பள்ளிகளில் பல அவ்வகையின. ஒன்பது பேர் மட்டுமே உள்ள வகுப்பில் 'மற்றவர்கள்' என்றால் அந்த எட்டுப் பேர். நாற்பது பேர் உள்ள வகுப்பில் அச்சொல்லின் பொருளே வேறு.

ஐந்து வாக்கியங்கள் கொண்ட வினாநிரலில் அடக்கம் காரணமாக ஒரு வாக்கியத்திற்கு மட்டும் எல்லாரும் ஒரு புள்ளி குறைத்துக் குறியிட்டால் சராசரி 0.2 குறையும். இரண்டு வாக்கியங்களானால் 0.4. ஒரு பட்டையைக் குள்ளமாக்க இது போதாதா?

உலகம் கற்ற பாடம்

இது தமிழ்ப்பள்ளிக்கு மட்டும் உரிய சிக்கலன்று. மலேசியாவையும் சேர்த்து 24 நாடுகள் கலந்துகொண்ட 'டாலிஸ்' 2008 என்னும் அனைத்துலக ஆசிரியர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். அது இடைநிலைப்பள்ளியின் கீழ்ப் படிவ ஆசிரியர்களைப் பற்றியது. கற்பித்தலைப் பற்றிய நம்பிக்கைகளையும் வகுப்பறை நடைமுறைகளையும் அது வினவியது. ஆய்வை நடத்தியவர்கள் நான் மேலே சொன்ன சோதனைகளைச் செய்தார்கள். காரணிகளின் அமைப்பும் சுமைகளும் நாடுகளுக்கிடையே ஒத்துவந்தன. தொடக்க நிலைகள் ஒத்துவரவில்லை. ஆகவே அந்நாடுகளின் சராசரிகளை நேரடியாக ஒப்பிடலாகாது என்று தங்கள் அறிக்கையிலேயே எழுதினார்கள். அதற்கு மாற்றாக, ஒவ்வோர் ஆசிரியரும் தம் சொந்தச் சராசரியிலிருந்து எந்த நடைமுறையின் பக்கம் சாய்கிறார் என்று பார்த்தார்கள். தராசின் முள் பிழையென்று தெரிந்ததும் அந்தத் தராசுக்குள் மட்டுமே ஒப்பிட்டார்கள். பெரிய நிறுவனங்களே இவ்வளவு எச்சரிக்கையோடு இருக்கும்போது, ஒரே இரவில் தமிழாக்கிய வினாநிரலை வைத்து நான் மேடையேறியதை என்னவென்பது?

'டிம்ஸ்' ஆய்வில் இன்னொரு புதிர் உண்டு. எந்த ஒரு நாட்டிற்குள்ளும் கணிதத் தன்னம்பிக்கை மிக்க பிள்ளைகளே கூடுதல் புள்ளி பெறுகிறார்கள். நாடுகளை ஒப்பிட்டாலோ, கணிதத்தில் முன்னணியில் நிற்கும் ஜப்பான், கொரியா நாட்டுப் பிள்ளைகள் தன்னம்பிக்கையில் பின்னால் நிற்கிறார்கள். சராசரிகளை அப்படியே நம்பினால், தன்னம்பிக்கை குறைந்தால் கணிதம் வளரும் என்ற விந்தையான முடிவுக்கு வர வேண்டியிருக்கும்.

காலமும் குழுவைப் பிரிக்கிறது. டிம்ஸ் கணிதத்தில் மலேசியா 1999இல் 519 புள்ளிகளும் 2007இல் 474 புள்ளிகளும் 2011இல் 440 புள்ளிகளும் பெற்றது. அதில் பங்கேற்றவர்கள் படிவம் 2 மாணவர்கள். 2007ஆம் ஆண்டுச் சுற்றில் பங்கேற்றவர்கள் தொடக்கப்பள்ளிக் கணிதத்தைத் தத்தம் பள்ளிமொழியில் கற்றவர்கள். 2011ஆம் ஆண்டுச் சுற்றினரோ 2003இல் வந்த கொள்கையின்கீழ் முதலாம் ஆண்டிலிருந்தே கணிதத்தை ஆங்கிலத்தில் கற்றவர்கள். புள்ளிகள் சரிந்தது உண்மை. ஆனால் மனப்பான்மை வினாக்களுக்கு இவ்விரு தலைமுறையினரும் அளித்த விடைகளை ஒப்பிட விரும்புபவர், தராசு மாறவில்லை என்பதை முதலில் காட்ட வேண்டும்.

இதைக் காட்டாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு நடத்திய அறிவுத்திறன் தேர்வுகளை வைத்து, கார்ல் பிரிகம் என்ற உளவியலாளர் 1923இல் ஒரு நூல் எழுதினார். தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடியேறியவர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்றார். 1930இல் அவரே தம் முடிவுகளைத் திரும்பப் பெற்றார். பல்வேறு தேர்வுகளின் புள்ளிகளை ஒன்றாகக் கூட்டியதும், மொழியும் சூழலும் வேறான மக்களை அவற்றால் ஒப்பிட்டதும் தவறு என்று எழுதினார். அவருடைய நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் அந்த ஏழாண்டுகளில் தாழ்ந்தவர் என்று பட்டம் சுமந்த மக்களுக்கு அந்த ஒப்புதல் என்ன பயன் தந்திருக்கும்?

மேற்படிப்பு மேற்கொள்ளும் ஆசிரியர்களுக்கு

முதுகலைப் படிப்புக்காக வினாநிரல் ஆய்வு செய்யும் ஆசிரியர் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் கவனத்திற்குச் சில:

1. எல்லாப் பள்ளி மாணவர்களையும் ஒன்றாகக் கலந்து ஒரே காரணிப் பகுப்பாய்வு செய்துவிட்டு, பிறகு சராசரிகளைப் பள்ளிவாரியாகப் பிரிக்காதீர்கள். பெருங்குழுவின் அமைப்பு சிறுகுழுவின் அமைப்பை விழுங்கிவிடும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் சிறுகுழு.

2. ஒவ்வொரு குழுவிற்கும் தனித்தனியே பகுப்பாய்வு செய்து, இரண்டு அட்டவணைகளைக் கண்ணால் பார்த்து 'ஒத்திருக்கிறது' என்று எழுதாதீர்கள். காரணிகளின் வரிசை மாறி வரலாம். கூட்டல் கழித்தல் குறிகள் புரண்டு வரலாம். சுழற்றும் முறைக்கு ஏற்பச் சுமைகளும் மாறும். உள்ள ஒற்றுமை கண்ணுக்குப் படாமல் போகலாம். இல்லாத ஒற்றுமை தோன்றவும் கூடும்.

3. குரோன்பாக் ஆல்பா இரு குழுக்களிலும் உயர்ந்திருப்பது போதாது. ஒவ்வொரு தராசும் தன்னளவில் நடுங்காமல் நிற்கிறது என்றுதான் அது சொல்லும். இரு தராசும் ஒன்று என்று சொல்லாது.

4. முப்பது நாற்பது மாணவர்களை வைத்து இக்கணக்கைச் செய்யாதீர்கள். சுமைகள் தற்செயலாகவே ஆடும். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தனித்தனியே சிறு ஆய்வுகள் செய்வதை விடுத்துப் பள்ளிகள் கூடி ஒரே ஆய்வாகச் செய்தால் என்ன?

5. ஒரு வாக்கியம் சோதனையில் தவறினால் அதை மறைக்காதீர்கள். எந்த வாக்கியம், ஏன் தவறியது என்று எழுதுங்கள். பல வேளைகளில் ஆய்வின் பயனுள்ள பகுதி அதுவாகவே இருக்கும்.

இது சாக்குப்போக்கா?

"தமிழ்ப்பள்ளியின் குறையை மூடி மறைக்கப் புள்ளியியலைத் துணைக்கு அழைக்கிறீர்கள்" என்று சிலர் கூறக்கூடும். அக்கூற்றுக்கு மறுமொழி சொல்லியாக வேண்டும்.

தராசு பிழை என்றால் இரு மீன்களும் ஒரே எடை என்று பொருளாகாது. எது கனம் என்று அந்தத் தராசால் சொல்ல முடியாது என்பதே பொருள். நம் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தன்னம்பிக்கை குறைவாக இருக்கலாம். அப்படியானால் அதைச் சரியான கருவியால் அறிந்து மருந்து தேட வேண்டும். குறைகளை மூடி மறைக்கும் நிலையிலும் நாம் இல்லை. 'பிசா' 2022 ஆய்வில் மலேசியாவின் வாசிப்புப் புள்ளி 388, ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 476. இது நாடு முழுமைக்கும் உரிய கவலை. நம் பள்ளிகளும் இந்நாட்டுப் பள்ளிகளே.

எனவே நம்மைத் தாழ்த்தும் படத்தை மட்டும் சோதித்துவிட்டு, நம்மை உயர்த்தும் படத்தைச் சோதிக்காமல் கொண்டாடினால் அதுதான் சாக்குப்போக்கு. என் 'பெரியோரை மதித்தல்' படத்தையும் அதே தட்டில் வைத்தாக வேண்டும். அந்தக் கைதட்டலை இன்று திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

பெற்றோர்களுக்கு

காரணிப் பகுப்பாய்வை நீங்கள் கற்க வேண்டியதில்லை. அடுத்த முறை இத்தகைய படத்தை எவரேனும் காட்டினால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த வாக்கியங்களைக் கேட்டீர்கள்? எந்த மொழியில் கேட்டீர்கள், மொழியாக்கத்தைச் சரிபார்த்தது யார்? பிள்ளைகள் அவற்றை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று விசாரித்தீர்களா? குழுக்களுக்கிடையே அளவுகோல் மாறவில்லை என்று சோதித்தீர்களா? மறுமொழி இல்லையென்றால் அந்தப் படத்தை வைத்து உங்கள் பிள்ளையின் பள்ளியைத் தீர்மானிக்காதீர்கள். தமிழ்ப்பள்ளிக்கு எதிராகவும் வேண்டாம். தமிழ்ப்பள்ளிக்கு ஆதரவாகவும் வேண்டாம்.

அந்த அன்னையாரிடமும் இதைத்தான் சொன்னேன். "அம்மா, இந்தப் படம் உங்க கேள்விக்குப் பதில் சொல்லாது. ஒரு நாள் காலையில வந்து வகுப்புல உட்கார்ந்து பாருங்க. பிள்ளைங்க எப்படிப் பேசுறாங்க, தெரியலைன்னா கையைத் தூக்கிக் கேட்கிறாங்களா, தப்பாச் சொன்னா ஆசிரியர் எப்படி நடந்துக்கிறாருன்னு பாருங்க. மற்ற பள்ளிக்கும் போய்ப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன்.

இரவு வேலை முடிந்த ஒரு காலையில் வந்தார். தூக்கக் கலக்கத்தோடு கடைசி வரிசையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார். இன்னும் முடிவைச் சொல்லவில்லை. எதுவாயினும் அது அவர் கண்ணால் கண்டு எடுத்த முடிவாக இருக்கும். எனக்கு அது போதும்.

உங்கள் பள்ளியில் இத்தகைய வினாநிரல்களைக் கையாண்ட பட்டறிவு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, எந்த வாக்கியம் நம் பிள்ளைகளைத் தடுமாற வைத்தது என்று எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து வைப்போம். அடுத்து வினாநிரல் எழுதுபவருக்கு உதவும்.

அன்புடன்,
உங்களில் ஒரு தமிழாசிரியன்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு.